கம்பெனியில் கொடுத்த சேலை

மச்சினன் மகளுக்குக் கல்யாணம். அதற்காக வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் அதில் ஒரு படம் வந்தது. மனிதர் யாரும் இல்லை, பூ இல்லை, பிள்ளையார்கூட இல்லை. வெறும் ஒரு நிறம். கீழே, 'ரிசப்ஷனுக்கு நம்ம சைடு எல்லாரும் இந்த லாவண்டர். ஜென்ட்ஸ் சட்டை, லேடீஸ் சேலை. மறக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் கடைக்குப் போய் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்து வேறு வேலையைப் பார்ப்பார். என்னை வீட்டில் 'விசனம் பிடிச்ச மனுசன்' என்றுதான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். அந்த நிறத்தை டியூப் லைட்டில் பார்த்தால் ஒரு மாதிரி இருந்தது, வெயிலில் பார்த்தால் ஒரு மாதிரி இருந்தது, என் மனைவியின் போனில் பார்த்தால் மூன்றாவது ஒரு நிறமாக இருந்தது. எல்லோரும் ஒன்றிலும் நான் மட்டும் இன்னொன்றிலும் போய் நின்றால்? இதை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கடைசியில் சங்ககிரியில் ஒரு ஜவுளிக் கடையில் போனைச் சட்டைகளின் மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடையில் இருந்த அம்மணிக்கே பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க இத்தனை ரோசனை? இது நம்ம கத்தரிப்பூக் கலருங்க. எதை எடுத்தாலும் அதுதானுங்க."

கத்தரிப்பூ. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருசம் ஆயிற்று! வீட்டுக்கு வந்து சட்டையின் உறையைப் பிரித்தேன். குப்பென்று கஞ்சி வாசம்.

புதுத் துணியின் கஞ்சி வாசம் உங்களுக்கு எதை நினைவில் கொண்டுவரும் என்று தெரியாது. பெரும்பாலானவர்களுக்குத் தீபாவளி வரும். எனக்குப் பயம்தான் வரும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் யூனிஃபார்ம் சம்பந்தப்பட்டவை.

முதல் காரணம் ஒரு கால்சட்டை. எட்டாவது போனபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் அரைக்கால் சட்டையை விட்டு நீளக் கால்சட்டைக்கு மாறச் சொன்னார்கள். அதே காக்கிதான். அப்பா லாரி டிரைவர். அவருக்குச் சட்டை தைக்கக் கொடுத்த காக்கித் துணி வீட்டில் சும்மா கிடந்தது. கெட்டியான துணி. "பத்து வருசம் ஒழைக்கும்டா. காக்கின்னா காக்கிதான, இதுல என்ன பேதம்?" என்று அதையே தைக்கக் கொடுத்துவிட்டார்.

பேதம் இருந்தது. பள்ளிக்கூடத்துக் காக்கி காய்ந்த மண் நிறம். டிரைவர் காக்கி, மழை பெய்த மறுநாள் மண் நிறம். காலையில் பிரேயருக்கு வரிசையில் நின்றபோது டிரில் மாஸ்டர் தூரத்திலிருந்தே கையை நீட்டினார். "டேய், அந்தக் கால்சட்டை! தனியாத் தெரியுது பாரு. பின்னால போய் நில்லு."

பின்னால் போய் நின்றேன். அன்றைக்கு மட்டுமல்ல, அந்தத் துணி உழைத்த காலம் முழுக்க. பையன்களுக்குக் கொண்டாட்டம். நான் வகுப்புக்குள் நுழைந்தால் டெஸ்க்கைத் தட்டி, "கிளீனர் வந்தாச்சு, போலாம் ரைட்டு!" என்பார்கள். "பின்னால பாத்து விசில் குடுறா!" என்பான் இன்னொருவன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதற்குக் கால்சட்டைதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கணக்கு நோட்டைத் திருத்தியவர்களுக்கு வேறு காரணங்களும் தெரியும். ஆனால் 'தனியாத் தெரியுது' என்கிற அந்தச் சொல் மட்டும் உள்ளே எங்கோ முள்ளாகத் தங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு கூட்டத்துக்குள் நுழையும்போது முதலில் மற்றவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. பள்ளிபாளையத்தில் ஒரு தறி கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை விரிப்பும் கை துடைக்கும் துண்டும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. தறி ஓட்டுவது ஆண்கள். வெட்டுவது, ஓரம் அடிப்பது, பிசிறு பார்ப்பது, மடிப்பது எல்லாம் பெண்கள். முப்பது பேர் இருப்பார்கள். ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர் நேரில் பார்க்க வருகிறார் என்றார். "எல்லாம் ஒண்ணு போல உடுத்தி நின்னாத்தான் பெரிய கம்பெனியாட்டத் தெரியுமாம். ஆம்பளைகளுக்கு நீலச் சட்டை சொல்லியாச்சு. பொம்பளைகளுக்குச் சேலை. நம்ம தறியிலயே ஓட்டிச் சாயம் போட்டுக்கலாம். என்ன கலர்னு நீயே பாத்து முடிவு பண்ணு."

நீயே முடிவு பண்ணு. என் மாதிரி ஆளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மூன்று நாள் சாய அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தக் கலரைத் தொட்டாலும் அது ஏதாவது ஒரு கட்சிக் கொடியில் இருந்தது. மஞ்சள் என்றால் கோயிலுக்கு வேண்டுதல் மாதிரி இருக்கும். கறுப்பு ஆகாது. ஆண்களுக்கு நீலம் என்பதால் அதுவும் கூடாது. கடைசியில் அட்டையின் மூலையில் கத்தரிப்பூ இருந்தது. அந்தக் கலருக்கு எந்தக் கட்சியும் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. முடிவு செய்துவிட்டேன்.

சாயப்பட்டறைக்காரர் ஐந்து நாள் கேட்டார். எனக்குப் பதற்றம், மூன்றே நாளில் வேண்டும் என்றேன். "சாயம் ஒட்டோணும், அலசோணும், மறுக்கா அலசோணும். அவசரப்பட்டா ஆவறதில்ல" என்றார். "ஒரு அலசல் குறைஞ்சா குறையட்டுமுங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான். "அப்பறம் எம்மேல பழி போடப்படாது, ஆமா" என்றார் அவர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலை கொடுத்த அன்றைக்கு ஸ்டோர் வாசலில் வரிசை. யாருக்கும் சந்தோஷமில்லை. அவரவர் சேலையை அவரவர் ஆசைப்பட்டு எடுத்து, தவணை கட்டி, கட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஓரம் அடிக்கிற மல்லிகா அக்காதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க ஸ்டோர் தம்பி, முப்பது பேரும் ஒரே சேலைல நின்னா, சாயங்காலம் எங்கூட்டுக்காரரு கூப்பிட வாரப்ப யாரை வண்டில ஏத்தீட்டுப் போவாரு?"

"அதானே அவரும் வேண்டுறாரு! இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் அவருக்கு நல்ல காலம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரிசையே குலுங்கிற்று.

எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு கடைசியாக ருக்குமணியக்கா வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருசன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவர், அங்கேயே ஒரு விபத்தில் இறந்துபோனார். இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தது. அக்கா வெள்ளைச் சேலை. எங்கள் பக்கம் அப்போதெல்லாம் அப்படித்தான். புருசன் போனால் வெள்ளை. வயது இருபதானாலும் வெள்ளை, எழுபதானாலும் வெள்ளை. யாரும் கூட்டம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். பதினாறாம் நாள் பெட்டியிலிருந்த கலர்ச் சேலையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான். பிசிறு பார்க்கிற மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சை, சிவப்பு, பூப்போட்டது, கட்டம் போட்டது, தூண் ஓரமாக ஒரு வெள்ளை.

சத்தியமாகச் சொல்கிறேன், கலர் தேர்ந்தெடுத்தபோது அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. கட்சிக் கொடிகளை நினைத்தேன், முதலாளியை நினைத்தேன், அவரை நினைக்கவில்லை. அவர் வந்து நின்றதும்தான் எனக்கு உறைத்தது. கையில் ஒரு சேலை மிச்சம் இருக்கிறது. கொடுப்பதா, வேண்டாமா?

"எனக்குமுங்களா?" என்றார்.

"எல்லார்த்துக்குந்தானுங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

வாங்கினார். விரிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் அந்தக் கஞ்சி வாசத்தை ஒரு தரம் இழுத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டார்.

"நானாக் கேக்கலீங்க, கம்பெனில குடுத்தாங்கன்னு சொல்லிக்கலாமுங்களா?"

"சொல்லிக்குங்க."

"கட்டாயமுன்னு?"

ஆமென்று தலையை ஆட்டினேன். உண்மையில் கட்டாயம் இல்லை. முதலாளியிடம் அன்று காலையே கேட்டிருந்தேன், யாராவது கட்ட மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று. "உட்டுரு. அவன் வார அன்னைக்கு ஒருநாள் அவியளப் பின்னால குடோன்ல உக்கார வெச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை, ஸ்டோரைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். அறுபதை நெருங்குகிற வயது. ரவிக்கை இல்லாமல் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தார். ருக்குமணியக்காவின் மாமியார், பாவாயம்மா. மகன் வயிற்றில் இருக்கும்போதே புருசனைப் பறிகொடுத்து அன்றிலிருந்து வெள்ளை என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் வயதைவிட அந்த வெள்ளைக்கு வயது அதிகம்.

"ஏனுஞ் சாமி, துணி குடுக்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. உக்காருங்க."

"உக்காரறதுக்கு வரலீங்க. என்ற மருமவளுக்கும் ஒண்ணு குடுத்துட்டீங்களாமா. தெரியாமக் குடுத்திருப்பீங்க. அவ வெள்ளையே கட்டிக்கட்டும்."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் கொடுமைக்காரின்னு நெனைக்காதீங்க சாமி. எனக்கென்ன, அவ எதைக் கட்டுனா என்ன? ஊருன்னு ஒண்ணு இருக்குது. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நாங்களும் நாலு ஊட்டுக்குப் போவோணும், நாலு பேரு எங்கூட்டுக்கு வரோணும். பொட்டப்புள்ள ஒண்ணு இருக்குது. அதுக்கு நாளைக்கு ஒரு சீருன்னா வாசல் நெறையோணுமில்ல?"

அவர் பின்னால், மடித்த துண்டுகளை அடுக்கிக்கொண்டு ருக்குமணியக்கா நின்றிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அடுக்கை ஒரு பக்கம் தட்டிச் சரிசெய்தார். மறுபக்கம் தட்டினார். மறுபடி முதல் பக்கம். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. முதலாளி சொன்னபடி ஒரு 'சரிங்க' சொன்னால் போதும், அந்தச் சேலை அலமாரிக்குத் திரும்பிவிடும், அவர் குடோனுக்குப் போய்விடுவார். பின்னால் போய் நில்லு என்று சொல்வது மட்டும்தான் பாக்கி.

கையிலிருந்த ஊதுபத்தியைச் சாமி படத்தில் செருகினேன்.

"அப்படி உட முடியாதுங்கம்மா" என்றேன். "வெளிநாட்டுக்காரன் வாரானுங்க. ஒருத்தரு மாத்திக் கட்டியிருந்தாலும் ஆர்டரே போயிருமுங்க. அப்பறம் எல்லார்த்துக்கும் வேலை போயிரும். ரூல்சுங்க."

"ஆரு போட்டது?"

"மேல இருந்து வந்ததுங்க" என்று மேலே கையைக் காட்டினேன். மேலே பஞ்சுத் தூசி தொங்கும் ஒரு மின்விசிறி இருந்தது. பாவாயம்மா அதை ஒரு நிமிசம் அண்ணாந்து பார்த்தார்.

பிறகு மேசை மேலிருந்த மாதிரிச் சேலையின் தலைப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். நிதானமாகத் தேய்த்தார்.

"சாயம் போகுமா சாமி?"

"போகவே போகாதுங்க. கேரண்டி."

"அப்பச் செரி. கம்பெனி சொன்னாக் கட்டித்தான ஆவோணும்?" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிசிறு பார்க்கிற மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரே மூச்சில் இரண்டு பொய். அதுவரைக்கும் மளிகைக் கடைக்காரர் மீதி அதிகமாகக் கொடுத்தால்கூட ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிற ஆள் நான். அன்றிலிருந்து முதலாளி "டேய்" என்று கூப்பிட்டாலே பொய் அவருக்குத் தெரிந்துபோயிற்று என்று நினைப்பேன். அந்த அம்மா நேராக முதலாளியிடம் போய்க் கேட்டால் என்ன ஆவது? வெளிநாட்டுக்காரரிடமே கேட்டுவிட்டால்? இப்படியெல்லாம் விசனப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்காரர் வந்தார். பத்து நிமிசம் இருந்தார். துண்டுகளின் ஓரத்தை மட்டும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார், இளநீர் குடித்தார், போய்விட்டார். முப்பது பேர் முப்பது சாக்குப் பையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் ஆர்டர் வந்தது. வந்ததும் முதலாளிக்கு அது ராசியான சேலையாகிவிட்டது. ஆளுக்கு இன்னொன்று கொடுத்து தினமும் கட்டச் சொல்லிவிட்டார்.

பெண்களை ஒன்று போல ஆக்குவது அவ்வளவு சுலபமில்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் முப்பது சேலையும் முப்பது விதம். மல்லிகா அக்கா ஓரத்தில் சரிகை நாடா வைத்து அடித்துவிட்டார். ஒருத்தர் ரவிக்கையை மாங்காய்ப் பச்சையில் போட்டார். ஒருத்தர் கொசுவத்தை வேறு பக்கம் வைத்தார். எல்லாரும் மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் கொண்டுவந்து, வேலை முடிந்த மணி அடித்ததும் அதற்கு மாறிக்கொண்டு வாசலைத் தாண்டுவார்கள். யூனிஃபார்மோடு ரோட்டில் நடப்பது அவர்களுக்கு அவ்வளவு அவமானம்.

ருக்குமணியக்கா மட்டும் எதையும் சேர்க்கவில்லை, மாற்றவும் இல்லை. கொடுத்த சேலையை அப்படியே கட்டினார். அதோடு வந்தார், அதோடு போனார். ரேஷன் கடைக்கு அதோடு போனார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் கை தூக்குவது அவர்தான். கூலிக்காகத்தான் என்று நாங்கள் நினைத்தோம். கூலியும் வேண்டித்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் நூல் வாங்க ஸ்டோருக்கு வந்தவர், கேட்காமலேயே சொன்னார்.

"நேத்து பள்ளிக்கூடத்து வாசல்ல எம்புள்ள என்னையத் தேடுச்சுங்க தம்பி. முன்னெல்லாம் எத்தனை பேரு நின்னாலும் பாத்ததும் ஓடியாந்துரும். நேத்து நின்னு, அக்கட்டயும் இக்கட்டயும் பாத்துத் தேடுச்சுங்க."

ஏதோ பரிசு வாங்கியதைப்போலச் சொல்லிவிட்டுச் சிரித்தார். குழந்தை அம்மாவைத் தேடியதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு டிரைவர் காக்கி நினைவுக்கு வந்தது.

சரி, சாயத்துக்கு வருவோம். குறைத்த அந்த ஒரு அலசல் சும்மா விடுமா? மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை, அக்கா ஸ்டோர் வாசலில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏனுங்க தம்பி, சாயம் போவாதுன்னு அத்தைகிட்டச் சொன்னீங்கல்ல?"

"ஏனுங்க?" என்றேன்.

"அவசரத்துல ஒரே வாளில ஊறப் போட்டுட்டனுங்க. அத்தையோட வெள்ளை ரெண்டும் போச்சு. கத்தரிப்பூவாப் போச்சு. அதுக்கு இருக்கறதே மூணு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. அதானுங்க பயமா இருக்குது."

ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். ஊரையே கூட்டிக்கொண்டு வருவார், சேலையை முதலாளி மேசையில் போடுவார், ரூல்ஸும் கிடையாது ஒன்றும் கிடையாது என்பது வெளியே வரும், அக்கா மறுபடி தூண் ஓரத்து வெள்ளையாகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டோரிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலமும், என் கைக்காசில் எடுத்த இரண்டு புது வெள்ளைச் சேலையும் பையில் போட்டுக்கொண்டு டிவிஎஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பாவாயம்மா வாசலில் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கட்டியிருந்தது சாயம் ஏறிய அந்தச் சேலையைத்தான். வெள்ளை என்று சொல்ல முடியாது. கலர் என்றும் சொல்ல முடியாது. மடிப்பு இருந்த இடங்களில் அழுத்தமாகவும் மற்ற இடங்களில் தண்ணீர் தெளித்தாற்போலவும் ஒரு கத்தரிப்பூச் சாயல். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன், பையை மடியில் வைத்துக்கொண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார். வந்தவர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க பாவாயக்கா, கலராயிப் போச்சாட்டம் இருக்குது?"

"அட நீ வேற. மருமவளோட கம்பெனிச் சேலை பண்ணுன வேலை. நாலு வாட்டி கல்லுல போட்டு அடிச்சுட்டேன், போவனாங்குது. கருமம், என்ன பண்றது? இருக்கறதைக் கிழிச்சா எறிய முடியும்?" என்ற பாவாயம்மா, என் பக்கம் கையை நீட்டினார். "இந்தா, இந்த மகராசந்தான். சாயம் போவவே போவாது, கேரண்டின்னு எங்கிட்டச் சொன்னது!"

பக்கத்து வீட்டு அம்மா என்னை முறைத்தார். "படிச்ச புள்ளையாட்டம் இருந்துட்டு இப்படிப் பொய் பேசலாமா கண்ணு?"

வாழ்க்கையில் என்னைப் படித்தவன் என்று ஒருவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மா வைது முடித்துப் போன பிறகு, பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "என்ற தப்புதானுங்கம்மா. இதுல ஒரு மணி நேரம் ஊற வெச்சாப் போதுமுங்க. பழையபடி வெள்ளையாயிரும்."

பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு அவரையை உரித்தார். இன்னொன்றை உரித்தார்.

"கொண்டு போயிரு சாமி."

"இல்லீங்க, நெசமாவே போயிருமுங்க..."

"அது பட்டாத் துணி இத்துப்போவும். கொண்டு போயிரு."

"புதுசா ரெண்டு வெள்ளை கொண்டாந்திருக்கறனுங்க."

"அதையுந்தான்" என்றார். "வெயில்ல வந்திருக்கற. மோர் குடிச்சுட்டுப் போ."

மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கும்போது, முழங்கால் மேல் கிடந்த தலைப்பை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார். "இது என்ன கலருன்னு சொல்றது?"

"கத்தரிப்பூங்க."

"அதெல்லாம் ஒரு கலர்லயே சேத்தி இல்ல" என்றார் பாவாயம்மா. சொல்லிவிட்டு மறுபடி அவரையை உரிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஊரில் அக்காவின் சேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமியார் மேலேயே கறை இருக்கும்போது மருமகளை என்ன சொல்வது? ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

"அத்தையோட சேலை தொவைச்சுத் தொவைச்சு வெளுத்துப்போச்சுங்க தம்பி, முக்காவாசி வெள்ளையாயிருச்சு. நான் சந்தோசமாச் சொன்னனுங்க, அத்தே, சாயம் போயிருச்சுன்னு. ஒண்ணுஞ் சொல்லல. இன்னைக்குக் காலைல சொல்லுது, 'தனித்தனியா ஊறப் போட்டா சோப்பு ரெண்டு பங்கு ஆவுது, இனி ஒண்ணாவே போடு'ங்குது."

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. தறியெல்லாம் எடைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். நான் சங்ககிரிக்கே திரும்பி வந்து ஒரு லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. போன வருசம் பஸ் ஸ்டாண்டில், கிளிப்பச்சையில் பூப்போட்ட சேலை கட்டிய ஒருத்தர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க ஸ்டோர் தம்பி!" என்று கூப்பிட்டார். குரலைக் கேட்டுத்தான் ருக்குமணியக்கா என்று கண்டுபிடித்தேன். பாவாயம்மா தவறிப்போய் ரொம்ப நாளாகிறது என்றார்.

"பெட்டியத் தொறந்து பாத்தனுங்க தம்பி. மூணு சேலை இருந்துச்சு. கம்பெனி மூடி, எங்கிட்டயே அந்தச் சேலை கிழிஞ்சு போயி எத்தனையோ காலம் ஆச்சு. ஆனா அந்த மூணுல ஒண்ணுகூட வெள்ளை இல்லீங்க, மூணும் லேசாக் கத்தரிப்பூங்க."

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். கூட்டத்தில் பச்சையும் சிவப்புமாக எத்தனையோ சேலைகள். அவர் எந்த ஜன்னலில் உட்கார்ந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தியை எங்கள் பக்கம் நான் பார்த்துப் பல வருசம் ஆகிவிட்டது. எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மேல இருந்து ரூல்ஸ் ஒன்றும் வந்த மாதிரி நினைவில்லை.

கல்யாணத்துக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் அலசிவிடலாம் என்று நேற்றுக் காலை அந்தக் கத்தரிப்பூச் சட்டையைத் தனி வாளியில் ஊறப் போட்டேன். சாயத்தைப் பிடித்து நிறுத்தக் கைப்பிடி உப்பும் போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க ஒரு வாளி, உப்பு? இப்பெல்லாம் எந்தத் துணிங்க சாயம் போவுது? உங்க வேட்டியையும் அதுலயே போடுங்க."

எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் வெள்ளை வேட்டியை எடுத்து அந்த வாளிக்குள்ளேயே போட்டு, கையால் ஒரு அமுக்கு அமுக்கி, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பிழிந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தேன். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. வாளித் தண்ணீரை வாசலில் கொட்டினேன். அதிலும் ஒரு நிறமும் இல்லை.